அத்தையிடம் சொன்ன பலகைகள்

வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம். உள்ளே இடப்பக்கம் ஒரு சிவப்பு லாரி, வலப்பக்கம் ஒரு கறுப்பு கார். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் ஏற்றம் வருகிற இடங்களில் இந்தப் பலகையை நட்டிருப்பார்கள். லாரி முந்தக் கூடாது என்று அர்த்தம். படத்தில் இருப்பது லாரிதான் என்றாலும் சட்டம் லாரியோடு நிற்பதில்லை. காரும் பஸ்ஸும் தவிர, அனுமதித்த எடை மூன்றரை டன்னைத் தாண்டுகிற எந்த வண்டிக்கும் அது பொருந்தும். உள்ளே படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் வைத்துக்கொண்டு உல்லாசமாகச் சுற்றப் போகிற வீட்டு வண்டிக்கும் பொருந்தும். ஓட்டுநர் தேர்வுக்குப் படித்தபோதே இது எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருந்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் கார்ல்ஸ்ரூஹேவில் இருந்தோம். என் கணவருக்கு மென்பொருள் வேலை. நான் கோயம்புத்தூரில் கருவியியல் படித்து, அங்கேயே மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லாத வருடங்கள் அவை. மொழி வகுப்புக்குப் போனேன், சமைத்தேன், ஜன்னல் வழியாக டிராம் போவதைப் பார்த்தேன்.

இந்திய லைசன்ஸ் அங்கே குடியேறிய முதல் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு அவர்கள் ஊர்த் தேர்வை முதலிலிருந்து எழுத வேண்டும். இருவரும் ஒன்றாகத்தான் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தோம். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். சாலைத் தேர்வில் நான் முதல் தடவையே தேறினேன். அவர் தேறவில்லை. வலப்பக்கம் திரும்பும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை, சைக்கிள்காரர் ஒருவர் தப்பித்தார் என்று முதல் தடவை நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வந்தவருக்கு வழி விடவில்லை. பத்து வருடம் சென்னையில் ஓட்டியவன் என்று தேர்வாளரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தேறவில்லை என்று எழுதினாராம்.

அன்றிலிருந்து ஓட்டுநர் பள்ளி என்ற பேச்சே எங்கள் வீட்டில் எடுபடவில்லை. ஆனால் ஊருக்குப் போன் பேசியபோது, லைசன்ஸ் வாங்கிவிட்டதாகத் தன் அப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் லைசன்ஸ் வாங்குவது சாமானியமா என்று மாமா மெச்சிக்கொண்டது எனக்கும் கேட்டது. எனக்கு வந்து சேர வேண்டிய பாராட்டு அவர் காதுக்குள் போனது. நான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன்.

அடுத்த வருடம் எனக்கு வேலை அனுமதி வந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு அளவுக் கருவிகள் பொருத்திச் சரிபார்த்துத் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல். ஊர் ஊராகக் காரில் போக வேண்டிய வேலை. எதிரில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரர் என் படிப்பைப் பற்றிக் கேட்டார், என் ஜெர்மன் பேச்சைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் லைசன்ஸ் இருக்கிறதா என்றார். ரோஸ் நிற அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேருங்கள் என்றார். அந்த அட்டை இல்லையென்றால் அந்த வேலை இல்லை, இது எனக்கும் என் கணவருக்கும் நன்றாகத் தெரியும். டிராமில் திரும்பி வந்தபோது அந்த அட்டையைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். புகைப்படத்தில் நான் சிரிக்கவில்லை. பரவாயில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவும் அத்தையும், அதாவது என் கணவருடைய அப்பாவும் அம்மாவும், முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கணவரிடமிருந்து எனக்கு அறிவுரை வந்துவிட்டது. என் லைசன்ஸைப் பற்றி அவர்கள் முன்னால் பேச வேண்டாம். வேலை கிடைத்ததைச் சொல்லலாம், கார் ஓட்டிப் போகிற வேலை என்று சொல்ல வேண்டாம். அப்பா தப்பா நினைப்பார் என்றார். என்னைப் பற்றியா உங்களைப் பற்றியா என்று கேட்டேன்.

பெற்றோருக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். அத்தை வெளியில் எதையும் வாயில் வைக்க மாட்டார். எந்த எண்ணெயில் பொரித்தார்களோ என்று ரொட்டியைக்கூடச் சந்தேகப்படுவார். ஆகவே போகிற வழியில் சமைத்துக்கொள்ள வசதியாக வீட்டு வண்டி ஒன்றில் போகலாம் என்று யோசனை பிறந்தது. என் கணவரின் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அப்படி ஒன்று வைத்திருந்தார். பெரிய மனசுக்காரர். நாலு நாள் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இவருக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ஜெர்மனியில் நாலு வருடமாக வேலை பார்க்கிற ஒருவர் லைசன்ஸ் இல்லாமல் வண்டி கேட்பார் என்று அந்த ஊர்க்காரருக்கு நினைக்கத் தெரியாது.

வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு பெரியது. எடை எவ்வளவு என்று கேட்டேன். சாதாரண லைசன்ஸ் போதும், நானே அதில்தான் ஓட்டுகிறேன் என்று அந்த மனிதர் சொன்னதாக என் கணவர் சொன்னார். அந்தச் சாதாரண லைசன்ஸும் உங்களிடம் இல்லையே என்று கேட்டேன். அன்று இரவு எங்களுக்குள் நடந்த சண்டையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: நான் ஓட்டுகிறேன் என்றேன், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா என்றார். அப்படியென்றால் ரயிலில் போவோம் என்றேன், அப்பாவிடம் வண்டி வருகிறது என்று சொல்லியாகிவிட்டது என்றார். கடைசியில், நீ கூடத்தானே வருகிறாய், உன்னிடம் லைசன்ஸ் இருக்கிறதல்லவா என்றார். இந்த வாக்கியத்தை அன்றைக்கே நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

வண்டிக்குள் யார் எங்கே என்பது தானாகவே முடிவானது. மாமா அரசு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப்பில் முன் இருக்கையில் உட்கார்ந்தே பழக்கம். பழக்க தோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பார்த்துத் திகைத்து, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து ஏறினார். அத்தைக்கு முன்பக்க மேசையை ஒட்டிய ஜன்னலோர இருக்கை. எனக்கு அத்தைக்குப் பக்கத்தில், அடுப்புக்கு எட்டுகிற தூரத்தில். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே சாலை தெரியும். எடை எழுதியிருக்கிற வண்டியின் பதிவுச் சீட்டு மாமாவின் முழங்காலுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள். முதல் நிறுத்தத்தில் அதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன். என்னம்மா தேடற என்று மாமா கேட்டார். கை துடைக்கிற காகிதம் என்றேன். அவரே பெட்டியைத் திறந்து, ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு மூடினார்.

பலகைகளை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். எங்களிடம் இருந்த நேவிகேஷன் பெட்டிக்கு லாரிக்கும் சைக்கிளுக்குமே வித்தியாசம் தெரியாது. ஆனால் மாமனார் முன்னால் மருமகள் புருஷனுக்கு வழி சொல்ல முடியுமா? அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வது அதிகம். எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொன்னேன்.

“அத்தை, அங்க பாருங்க, அந்தப் பாலம் ரெண்டு மீட்டர் எண்பதுதானாம்,” என்பேன். ரெண்டு முக்கோணமும் நடுவில் எண்ணும் போட்ட உயரப் பலகை அது.

“நம்ம வண்டி அதைவிட ஒசரமாச்சே,” என்பார் அத்தை. முன்னால் பிரேக் விழும். வேறு வழியாகத் திரும்புவோம். நானும் பார்த்தேன் என்று என் கணவர் தனக்குள் சொல்லிக்கொள்வது போல அப்பாவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

நடைபாதையில் பாதி ஏறி நிற்கிற காரின் படம் போட்ட பலகை ஒன்று உண்டு. அப்படி ஏற்றி நிறுத்துவது சின்ன வண்டிகளுக்கு மட்டும்தான், கனமான வண்டி ஏறினால் தளக்கல் உடைந்துவிடும். அதையும் அத்தையிடம்தான் சொன்னேன். அந்தக் கார் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று கேட்டார். விளக்கினேன். நம்முடையது சின்னதா கனமா என்று அடுத்து கேட்டார். வண்டிக்குள் அந்தச் சரியான கேள்வியை வாய்விட்டுக் கேட்டது அவர் ஒருவர்தான். அத்தை எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். இரண்டாம் நாளுக்குள் பாதிப் பலகைகளை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சாப்பாடு பரிமாறும்போது எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். மற்ற நேரங்களில் நாங்கள் இருவரும் கடைசியில்தான் சாப்பிடுவோம்.

கறுப்புக் காட்டில் ஒரு மலை ஊரின் வாசலில் சிவப்பு வளையத்துக்குள் தனி லாரிப் படம் இருந்தது. கனரக வண்டிகள் உள்ளே வரக் கூடாது. அதுவும் மூன்றரை டன் கணக்குதான். எங்கள் வண்டி அதற்குள் என்றால் அந்தப் பலகை எங்களுக்கு இல்லை. அதற்கு மேல் என்றால் உண்டு. எது என்று எனக்குத் தெரியாது, அதுதான் என்னை அரித்தது. “அத்தை, லாரி வரக் கூடாதாம்,” என்றேன். அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, இதில் என்ன மணல் லோடா ஏற்றிப் போகிறோம் என்றார். அப்பாவும் பிள்ளையும் சிரித்தார்கள். உள்ளே போனோம். தெரு குறுகிக்கொண்டே போய், ஒரு ரொட்டிக் கடையின் துணிப் பந்தலுக்கும் எதிர்வீட்டுப் பூத்தொட்டிக்கும் நடுவே வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுகிறேன் என்று எழுந்தேன். மாமா திரும்பி, நீ உட்காரும்மா என்றார். கடைசியில் கடைக்காரப் பெண்மணி ஏப்ரனோடு வெளியே வந்து, கையைக் காட்டிக் காட்டித் தெரு முனை வரை எங்களைப் பின்னுக்கு அனுப்பினார். ஜன்னல்களில் தலைகள். என் கணவரின் காது மடல் சிவந்திருந்தது. அன்று மாலை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. சாலை விதியை எழுதினவளே நான்தான் என்பது போல.

போடன் ஏரியைப் பார்த்தார்கள், படகில் போனார்கள், தண்ணீர் ஓரத்தில் புளியோதரை சாப்பிட்டார்கள். நல்ல பயணம் என்றுதான் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

திரும்பி வந்த நாளில் தூறல். ஸ்டுட்கார்ட்டைத் தாண்டி ஃபோர்ட்ஸ்ஹைம் பக்கம் வந்துகொண்டிருந்தோம். வீட்டுக்கு இன்னும் அரை மணி நேர ஓட்டம். அந்த இடத்தில் அப்போது போவதற்கு இரண்டே தடம், அதுவும் ஏற்றம். வலத் தடத்தில் லாரிகள் வரிசையாக முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் கடைசி லாரிக்குப் பின்னால். அத்தை தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

பலகை வந்தது. சிவப்பு லாரி, கறுப்பு கார்.

அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அத்தையைப் பார்த்தேன். மூடிய கண் மூடியபடி இருந்தது. என் கணவர் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். டிக் டிக் என்று கேட்டது. பிறகு அதை அவரே அணைத்தார். அவரும் பலகையைப் பார்த்துவிட்டார், மலை ஊரில் மாட்டிக்கொண்டது அவருக்கும் நினைவு வந்திருக்கும். அத்தோடு நான் சும்மா இருந்திருந்தால் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்திருப்போம் என்று எனக்கு இன்றும் தோன்றும். ஆனால் மூன்று நாளாக ஒவ்வொரு பலகையையும் சுற்றி வளைத்துச் சொல்லிச் சொல்லி எனக்குப் புளித்துப்போயிருந்தது. நேராகச் சொன்னேன்.

“என்னங்க, முந்தாதீங்க. இங்க நம்ம முந்தக் கூடாது.”

மாமா திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் பிள்ளையைப் பார்த்தார். “ஏண்டா, உனக்குத் தெரியாதா?” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

இண்டிகேட்டர் மறுபடி கேட்டது. வண்டி இடத் தடத்துக்குப் போனது. ஒரு லாரியைத் தாண்டினோம், இரண்டாவதையும் தாண்டினோம், மூன்றாவதை ஒட்டி உறுமிக்கொண்டே போனோம். அப்பாவுக்குப் பதில் சொல்கிற வேகம் அது, அந்த வண்டிக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வலத் தடத்துக்குத் திரும்பியதும் பின்னாலிருந்து ஒரு கருநீலக் கார் எங்களைக் கடந்து முன்னால் வந்தது. அதன் பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்துகள் எரிந்தன. போலீஸ், பின்தொடரவும்.

சாலையோரத்து ஓய்விடம் ஒன்றுக்குள் அழைத்துப் போனார்கள். அந்த மாதிரி வண்டியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்காமலே பின்பக்கம் வீட்டுக்குள் வந்துவிடலாம். செய்தவன் வசதிக்காகச் செய்தது. வண்டி நின்ற கணத்திலேயே என் கணவர் பெல்ட்டைக் கழற்றி எழுந்துவிட்டார். நாலு பேர் மூச்சில் கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. முன்னால் நின்ற காரின் கதவு அப்போதுதான் திறந்தது.

“நீ வந்து உக்காரு. உன்கிட்டதான லைசன்ஸ் இருக்கு,” என்றார்.

தன் பெற்றோர் முன்னால் என் லைசன்ஸைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கால்களை ஒடுக்கி எனக்கு வழி விட்டார். நான் யோசிக்கவில்லை. முந்தியதற்கு அபராதம் வரும், என் பெயரில் ஒரு தண்டனைப் புள்ளி ஏறும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். லைசன்ஸே இல்லாமல் அவர் பிடிபட்டால் அது குற்ற வழக்கு. போய் உட்கார்ந்தேன்.

நாற்பது வயது இருக்கும் அந்தப் போலீஸ்காரருக்கு. வணக்கம் சொன்னார், லைசன்ஸ் கேட்டார், கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். என் கணவர் நல்ல உயரம், இருக்கை அவர் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. என் கால் நுனிக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. செருப்பு காலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இப்படித்தான் எப்போதும் ஓட்டுவீர்களா என்று கேட்டார். கிண்டல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

பதிவுச் சீட்டைக் கேட்டார். மாமா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று நாளாக நான் பார்க்க ஆசைப்பட்ட அந்தச் சீட்டு என் முகத்துக்கு முன்னால் கைமாறிப் போனது. போலீஸ்காரர் அதையும் என் அட்டையையும் சேர்த்துப் பிடித்து மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு நிதானமாக, எனக்குப் புரிகிற ஜெர்மனில் சொன்னார். இந்த வண்டிக்கு அனுமதித்த எடை நாலரை டன். உங்கள் லைசன்ஸ் மூன்றரை டன் வரைக்கும்தான். வண்டிக்குச் சொந்தக்காரர் பழைய லைசன்ஸ் வைத்திருப்பார், அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு ஏழரை டன் வரை ஓட்டலாம், அதனால் அவருக்கு இது நினைவுக்கே வந்திருக்காது. ஆனால் நீங்கள் ஓட்டினீர்கள் என்றால், தடையில் முந்தியது மட்டும் அல்ல, உரிய லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமும் ஆகும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையை என்னைச் சுற்றியிருந்த மூன்று பேரும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் கேட்டார். “வண்டியை ஓட்டியது நீங்கள்தானா? நிச்சயமாகவா?”

அவருக்குத் தெரிந்திருந்தது. என்னை வெளியே விட ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அந்த மனிதர். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவருக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாகவே வரும், ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அவர் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவாம் என்று மாமா கேட்டார். நான் தமிழில் சொன்னேன். குற்ற வழக்கு வரும், லைசன்ஸைப் பிடித்து வைப்பார்கள், என் வேலை போய்விடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா முன்கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தார்.

“சொன்னதையே சொல்லிரும்மா. அவன் கேஸ்ல மாட்டி வேலை போச்சுன்னா எல்லாரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். உன் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே,” என்றார்.

என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மா இருங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். தலையையாவது நிமிர்த்தியிருக்கலாம். என் விசாவே அவர் விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, மாமா சொன்ன கணக்கில் தப்பு இல்லை. எனக்கு எரிந்ததே அதனால்தான். வெளியே மழையில் நனைந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். உள்ளே என் சொந்தக்காரர்கள் எனக்குக் கணக்குச் சொன்னார்கள்.

ஆமாம், நான்தான் ஓட்டினேன் என்றேன். போலீஸ்காரர் இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வண்டியை அங்கிருந்து நகர்த்த எங்களில் யாருக்கும் அனுமதி இல்லை. சொந்தக்காரருக்குப் போன் போட்டோம். அவர் கார்ல்ஸ்ரூஹேவிலிருந்து மனைவியோடு காரில் வந்து, வண்டியை எடுத்தார். மாமா முன் இருக்கையிலேயே இருந்தார், அவர் இறங்கவே இல்லை. லைசன்ஸைப் பார்க்காமல் வண்டி கொடுத்ததற்காக அந்த மனிதருக்கும் விசாரணை வந்தது. பிறகு அவர் அலுவலகத்தில் என் கணவரோடு மதிய உணவுக்கு உட்காருவதில்லை. ஜெர்மன்காரர்களுக்கே மனசு குறுகல் என்று என் கணவர் வீட்டில் சலித்துக்கொண்டார்.

நான் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, வழக்கு ஒன்று இருக்கிறது என்று நானே சொன்னேன். மறைத்து வைத்துச் சேர எனக்கு மனம் வரவில்லை. வழக்கு முடியட்டும், பார்க்கலாம் என்றார் நரைத்த தலைக்காரர். பார்க்கலாம் என்றால் என்ன என்பது எனக்கு எந்த மொழியிலும் தெரியும். சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, மிகவும் வருத்தப்பட்டு, வேறு ஒருவரை எடுத்துக்கொண்டோம் என்றார். அபராதமும், சில மாதம் ஓட்டத் தடையும் என்று தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ரோஸ் அட்டையை உறையில் போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பி வைத்தேன்.

பயணத்திலிருந்து திரும்பிய வாரமே மாமா ஊரில் இருக்கிற தன் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்த்தார், பார்த்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. “பையன் ஒரு கீறல் விழாம ஓட்டிட்டு வந்தான்டா. இவ ஆசைப்பட்டாளேன்னு கடைசியில கொஞ்ச நேரம் கொடுத்தான். உடனே போலீஸ்,” என்றார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். காபியை எடுத்துக் குடித்தார். சர்க்கரை குறைவு என்றார். நான் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த வெறுப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது, அதை எனக்கு மறைக்கத் தெரியவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பாவும் பிள்ளையும் பெட்டிகளைக் குளியலறை எடைமேடையில் ஏற்றி ஏற்றிப் பார்த்தார்கள். விமானத்தில் அனுமதித்த எடைக்கு மேல் போய்விடக் கூடாது என்பதில் இருவரும் அவ்வளவு கவனம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் மாமா சீட்டுகளை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு என் கணவர் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். இத்தனை நாளில் எத்தனை பலகையை அத்தையிடம் சொல்லியிருப்பேன். இன்னும் ஒன்றை அதே குரலில், அவர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“அத்தை, அன்னிக்கு வண்டிய ஓட்டினது நான் இல்ல.”

என் கணவரின் கை தள்ளுவண்டியின் கம்பியை இறுக்கியது. அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எதிரே பெட்டிகள் நகர்ந்து போகிற பட்டையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும்மா. நான் தூங்கல,” என்றார். “கண்ணத் தொறந்தா நீ என்கிட்டதான சொல்லுவ. நான் அதை யார்கிட்ட சொல்றது?”

கவுண்டரிலிருந்து மாமா கூப்பிட்டார். அத்தை என் கையை விட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார்.